கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கட்-ஆஃப் எவ்வளவு?" கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி வரும் 200க்கு ஒரு பிள்ளை 196, 197 என்று சொன்னால் போதும், "உனக்கென்ன கவலை, கேட்ட இடம் கிடைக்கும்" என்று வாழ்த்திவிட்டு எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் கணித ஆசிரியை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் எழுத மாணவர்கள் பெற்றோருடன் பள்ளிக்கு வருவார்கள். பட்டியலின் ஒரு வரி என்பது ஒரு கல்லூரியும் அதில் ஒரு பாடப்பிரிவும். இத்தனை காலமாக நான் பார்த்துவருவது இதுதான்: 160 எடுத்த பிள்ளையின் வீட்டில் அந்தப் பட்டியலை விழுந்து விழுந்து எழுதுகிறார்கள். பக்கத்து ஊர்க் கல்லூரி, பஸ் வசதி, விடுதி, கட்டணம் என்று ஒவ்வொன்றையும் விசாரித்து நூறு வரி வரை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். 197 எடுத்த பிள்ளையின் வீட்டில் ஏழெட்டு வரியோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். ஏமாற்றம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வீட்டில்தான் வந்து சேர்கிறது.

காரணம் எளிது. அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே சில இடங்களைக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் கலந்தாய்வில் இருக்கும் பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். ஆனால் 195க்கு மேல் எடுத்தவர்களின் பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., சென்னை எஸ்.எஸ்.என். என்று நான்கைந்து பெயர்களும், கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு என்று மூன்று பாடப்பிரிவுகளும்தான் திரும்பத் திரும்ப வரும். கிண்டியில் கணினி அறிவியல் பொதுப்பிரிவில் 199ஐத் தாண்டியே முடிந்துவிடுகிறது. அந்த வரியைப் பொறுத்தவரை 197 என்பது நடுவில் நிற்கும் மதிப்பெண்கூட அல்ல.

முன்பு இப்படி இல்லை. ஒற்றைச் சாளர முறை 1997இல் வந்ததிலிருந்து 2017 வரை பிள்ளைகள் நேரில் போனார்கள். கிண்டி வளாகத்தில் பெட்டி படுக்கையோடு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும். முறை வந்ததும் உள்ளே போய், அந்த நிமிடத்தில் இருப்பதிலிருந்து ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு ஒதுக்கீட்டு ஆணையோடு வெளியே வருவார்கள். அலைச்சலும் செலவும் அதிகம். ஆனால் கண்முன்னே இருப்பதிலிருந்து தேர்ந்தெடுப்பதால், பட்டியல் என்ற ஒன்றே தேவைப்படவில்லை. 2018இல் எல்லாம் இணையவழிக்கு மாறிய பிறகு, எது மிச்சமிருக்கும் என்று தெரியாமலேயே நம் விருப்பம் முழுவதையும் முன்கூட்டி வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எழுதாத கல்லூரி கிடைக்காது. தரவரிசையில் எவ்வளவு முன்னால் இருந்தாலும் கிடைக்காது.

கணினி ஒதுக்கும் முறையை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தரவரிசையில் முதலாவதாக இருப்பவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்து, இடம் இருக்கும் முதல் வரியை அவருக்குக் கொடுத்துவிடுகிறது. இதற்கு மேல் சூட்சுமம் எதுவும் இல்லை. ஆகவே, கிடைக்க வாய்ப்பில்லாத ஒன்றை முதல் வரியில் போடுவதால் இரண்டாம் வரி கைநழுவிப் போகாது. "கிண்டியை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால், அதற்குள் பி.எஸ்.ஜி. நிறைந்துவிடாதா டீச்சர்?" என்று ஆண்டுதோறும் ஒரு பெற்றோராவது கேட்கிறார். நிறையாது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியல் முழுவதையும் பார்த்து முடித்த பிறகுதான் கணினி அடுத்தவரிடம் போகிறது. எனவே ஆசைப்படுவதற்கு இங்கே அபராதம் கிடையாது. மேலே எத்தனை வரி வேண்டுமானாலும் கனவாக இருக்கட்டும். ஆனால் மனதுக்குப் பிடிக்காத ஒன்றை, ஊரார் சொன்னதற்காகப் பிடித்த ஒன்றுக்கு மேலே எழுதினால், கணினி அதையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். பிடிக்காததுதான் கையில் வரும்.

அண்மையில் வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பா ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறார். பெண்ணுக்கு 197. நீளமான கோடு போட்ட நோட்டில் ஏழு வரிகள் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஏழும் கணினி சார்ந்த பிரிவுகள். ஏழும் அண்ணா பல்கலைக்கழக வளாகங்களும் கோவையின் ஒரே ஒரு கல்லூரியும்.

"இதில் எதுவுமே வரவில்லை என்றால்?" என்று கேட்டேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "197க்குக் கிடைக்காமல் போகுமா டீச்சர்?" என்றார் அவர்.

முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டு விவரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவளுடைய பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணை அவளையே எழுதச் சொன்னேன். பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது வரியில் பென்சில் நின்றுவிட்டது. ஏழில் ஐந்தில் அவளுடைய எண் வெளியே விழுந்திருந்தது. மீதி இரண்டும் மயிரிழை. அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோவைக் கல்லூரியின் வரியில் அவள் எழுதியிருந்த பாடப்பிரிவுக் குறியீட்டுக்குப் பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்று இருந்தது. அதாவது சுயநிதிப் பிரிவு. அதே கல்லூரியில் அதே பாடம் அரசு உதவி பெறும் பிரிவாகவும் இருக்கும், அதற்கு வேறு குறியீடு, கட்டணமும் வெகுவாகக் குறையும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதலாம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பா அந்த இரண்டு கட்டணங்களையும் தன் சட்டைப்பை நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டார்.

"சரி, இப்போது புதிய பக்கம் எடு. கீழிருந்து எழுதலாம்" என்றேன்.

உண்மையில் இதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை முதலில் எழுத வேண்டியது பட்டியலின் கடைசி வரியை. அந்த வரிக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று, எந்த ஆண்டிலும், வினாத்தாள் எப்படி வந்தாலும், தன் தரவரிசைக்கு அது நிச்சயம் கிடைக்க வேண்டும். இரண்டு, கிடைத்தால் முகம் சுளிக்காமல் போய்ச் சேர வேண்டும். முதல் தகுதியை எல்லோரும் பார்ப்பார்கள். 'பாதுகாப்புக்கு ஒன்று இருக்கட்டும்' என்று ஏதாவது ஒரு பெயரை ஒப்புக்கு எழுதி வைப்பார்கள். இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. பிறகு அதுவே ஒதுக்கீடாகி வந்து நிற்கும்போது வீட்டில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. போக மனமில்லாத இடத்தைப் பாதுகாப்பு என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

அந்தப் பெண்ணை அவள் அப்பா ஒரு சனிக்கிழமை திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரிக்கும், அடுத்து காரைக்குடிக்கும் அழைத்துப் போனார். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். அங்கேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது என்றும், வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் அங்கே ஒரு பி.டெக். படிப்பு நடக்கிறது என்றும், அதற்கும் இதே கலந்தாய்வில்தான் சேர்க்கை என்றும் நான் சொன்னபோது நம்பவில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த ஆய்வகம் அது. மின்கலங்களைப் பற்றி உலகமே பேசும் காலத்தில், மின்கலங்களையே ஆராயும் ஓர் ஆய்வகத்துக்குள் உட்கார்ந்து படிக்கலாம் என்பது நம் பக்கத்து மாவட்டப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விஷயம்.

நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகு அவளுடைய பட்டியலின் அடிப்பகுதி திடமாகிவிட்டது. அதற்கு மேலே கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, கோவை சி.ஐ.டி., தியாகராசர் கல்லூரியின் வேறு பிரிவுகள் என்று அவள் தரவரிசைக்குப் பொருத்தமான வரிகள் வந்தன. மேலே அவளுடைய பழைய ஏழும் அப்படியே நின்றன. எதையும் நான் அடிக்கச் சொல்லவில்லை. அடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

மதிப்பெண்ணைக் கொண்டு கணக்குப் போடாதீர்கள், தரவரிசையைக் கொண்டு போடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 200க்கு 200 எடுத்தவர்கள் 2023இல் 102 பேர். 2024இல் 65 பேர். 2025இல் 144 பேர். உச்சியிலேயே இவ்வளவு ஏற்ற இறக்கம் என்றால் அதற்குக் கீழே எப்படி இருக்கும்? கணித வினாத்தாள் சற்று எளிதாக இருந்துவிட்டால் போதும், போன ஆண்டு 197க்கு இருந்த இடம் இந்த ஆண்டு 198க்குப் போய்விடும். 'போன வருடம் எங்கள் பெரியம்மா பையன் 196.5க்கு வாங்கினான்' என்ற கணக்கு அதனால்தான் உதவாது. அவனுடைய தரவரிசை எண் என்ன என்று கேளுங்கள். அந்த எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொதுத் தரவரிசை, சமூகப் பிரிவுத் தரவரிசை இரண்டும் உங்களிடம் இருக்கும், இரண்டையும் பாருங்கள். 31 விழுக்காடு இடங்கள் எல்லோருக்கும் பொதுவானவை, அதில் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். அதற்குப் பிறகுதான் உங்கள் பிரிவுக்குரிய இடங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. அவர்களுக்கான தரவரிசையும் வேறு, முடியும் எண்களும் வேறு. ஒரே மதிப்பெண் எடுத்தவர்கள் பலர் இருந்தால் கணித மதிப்பெண்ணையும் அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்த்து முன்பின் வைக்கிறார்கள். கணிதத்தில் விட்ட ஒரே ஒரு மதிப்பெண் தரவரிசையில் எவ்வளவு தூரம் தள்ளிவிடும் என்பதை வகுப்பறையில் சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஜூலையில் எல்லோருக்கும் புரிகிறது.

இதுவரை சொன்னது ஒரே ஒரு பட்டியலைப் பற்றி. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வாசல்கள் பல உண்டு. அவற்றுக்கிடையேயும் ஒரு சமநிலை வேண்டும்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் அது இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே போதும். இந்த ஓர் ஏற்பாடு நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய ஆதாரம் என்பது வெளிமாநிலத்துக்காரர்களிடம் பேசும்போதுதான் தெரிகிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வை எழுதும் நாளில் காய்ச்சல் வந்தாலும், கேள்விகள் காலை வாரினாலும், நம் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கையில் இருக்கிறது. ஆனால் ஐ.ஐ.டி. பயிற்சியில் மூழ்கிய சில வீடுகளில் மாநிலக் கலந்தாய்வுக்குப் பதிவே செய்வதில்லை. 'இவன் அதற்குப் போகிறவன் அல்ல' என்ற பெருமை. கெஞ்சிக் கேட்கிறேன், பதிவு செய்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஊர்ப்புறத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் ஜே.இ.இ. மெயின் தேர்வுக்கு விண்ணப்பிப்பதே இல்லை. 'அது பயிற்சி மையத்துப் பிள்ளைகளுக்கு' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு என்று தெரிந்தால் எழுதிப் பார்ப்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, எந்த மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தீர்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. எங்கே பிறந்தீர்கள் என்பது அல்ல. பயிற்சிக்காக ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் போய் அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் தமிழ்ப் பிள்ளை, திருச்சியில் வெளிமாநில மாணவராகிவிடுகிறார். பதினோராம் வகுப்பில் சேர்க்கும்போதே பெற்றோர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஐ.ஐ.டி.க்களிலும், காஞ்சிபுரம், திருச்சி ஐ.ஐ.ஐ.டி.க்களிலும் இந்த மாநில ஒதுக்கீடு கிடையாது.

மத்திய நிறுவனங்களுக்குப் போகிறவர்களை ஆண்டுதோறும் தடுக்கி விழவைக்கும் ஒரு காகிதத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சமூகங்களும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் நேரத்துக்கு வராவிட்டால் பொதுப்பிரிவில்தான் நிற்க வேண்டும். இதனால் கைக்கு எட்டிய இடத்தை விட்ட ஒரு மாணவனை எனக்குத் தெரியும். அவனைவிட அவன் அம்மா அழுதது அதிகம்.

கணித ஆசிரியை என்பதால் இந்தப் பத்தியை எழுதாமல் இருக்க முடியவில்லை. கணக்கு என்றால் சாப்பாட்டை மறக்கும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் அவ்வப்போது வருவார்கள். தேர்வுக்காக அல்ல, கணக்குக்காகவே கணக்குப் போடுகிறவர்கள். அவர்களையும் நாம் கணினி அறிவியல் வரிசையிலேயே நிறுத்திவிடுகிறோம். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. மதிப்பெண் சேகரிப்பவர்களை அல்ல, யோசிப்பவர்களைத் தேடும் தேர்வு. அறிவியல் ஆராய்ச்சிக்கென்றே ஏழு ஐசர் நிறுவனங்கள் நாட்டில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று திருப்பதியில், ஒன்று திருவனந்தபுரத்தில். நம் எல்லையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஐ.ஏ.டி. என்ற ஒரே தேர்வு ஏழுக்கும் சேர்த்து. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. இயற்பியலும் கணிதமும் பிடித்த பிள்ளையின் பட்டியலில் இவற்றில் ஒன்றாவது இல்லை என்றால், அது சமநிலை உள்ள பட்டியல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கல்லூரியா, பாடப்பிரிவா என்ற சண்டை எல்லா வீட்டிலும் நடக்கிறது. பொதுவான விடை சொல்லத் தெரியவில்லை. ஆனால் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. பிள்ளைக்கு ஒரு பாடத்தின் மீது உண்மையான பிடிப்பு இருந்தால் பாடப்பிரிவை முன்னே வையுங்கள். அப்படி எதுவும் இன்னும் தோன்றவில்லை என்றால், பெரும்பாலான பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்காது, நல்ல ஆசிரியர்களும் நல்ல சக மாணவர்களும் இருக்கும் கல்லூரியை முன்னே வையுங்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அதே வளாகத்தில் இன்று ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற பாடப்பிரிவு இருக்கிறது. செயற்கைக்கோள் படங்கள், வரைபடங்கள், நிரலாக்கம் எல்லாம் கலந்த படிப்பு. கணினி அறிவியலைவிட வெகு கீழே வரை இடம் கிடைக்கும். பக்கத்திலேயே ஏ.சி. (அழகப்பா) தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கும் படிப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஒரு தொழில் உலகமே அதற்குப் பின்னால் இருக்கிறது. குரோம்பேட்டையில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பமும், வாகனப் பொறியியலும் இருக்கின்றன. 194, 195 எடுத்த பிள்ளைகளுக்கு இவை நடு வரிகளாக அமையலாம். ஆனால் படித்துப் பார்க்காமல், வளாகத்தின் பெயருக்காக மட்டும் எழுதாதீர்கள். எட்டுப் பருவங்கள் படிக்கப்போவது பாடத்தை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம்., சாஸ்த்ரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாநிலக் கலந்தாய்வில் வருவதில்லை. தனித்தனி விண்ணப்பம், தனித்தனி நாள். வி.ஐ.டி.யில் நுழைவுத் தேர்வுத் தரவரிசையைப் பொறுத்து ஒரே பாடப்பிரிவுக்கே ஐந்து கட்டண வகைகள் உண்டு. 'இடம் கிடைத்துவிட்டது' என்ற செய்தியோடு மகிழ்ந்துவிடாமல், எந்த வகையில் கிடைத்தது, நான்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே முன்பணம் கட்டச் சொல்லும் இடங்களில், திரும்பப் பெறும் விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2024-25ஆம் கல்வியாண்டில், செப்டம்பர் 30க்குள் விலகுபவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று அறிவித்திருந்தது. உங்கள் ஆண்டுக்கான அறிவிப்பைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடன் வாங்கித்தான் சேர வேண்டும் என்ற இடத்தைப் பாதுகாப்பு வரியாக வைக்கவே வைக்காதீர்கள். அது மேல் வரிசையில் இருக்க வேண்டியது.

கடைசியாக, ஒதுக்கீடு வந்த பிறகு என்ன செய்வது என்பது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள் அவகாசம். அப்படியே ஏற்றுக்கொண்டு சேரலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, கட்டணத்தைச் சேவை மையத்தில் கட்டிவிட்டு, பட்டியலில் அதற்கு மேலே இருக்கும் வரி ஏதாவது காலியானால் மாறுகிறேன் என்று காத்திருக்கலாம். ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் போகிறவர்கள் விடும் இடங்களால் இந்த மேல்நோக்கிய நகர்வு நடக்கும். ஆனால் மேலே ஒன்று கிடைத்துவிட்டால், கையில் இருந்தது தானாகப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. பட்டியலில் வரிசை உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். சும்மா மேலே போட்டு வைத்த ஒரு வரி, பிடித்த இடத்தைப் பறித்துக்கொண்டு போய்விடக்கூடாது. மத்திய நிறுவனங்களின் கலந்தாய்விலும் இதே தன்மைதான். அங்கே ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைட் என்று பெயர். ஸ்லைட் என்றால் அதே நிறுவனத்துக்குள் மேல் வரியில் உள்ள பாடப்பிரிவுக்கு மட்டும் நகர்வது. ஃப்ளோட் என்றால் நிறுவனமும் மாறலாம்.

அருப்புக்கோட்டைப் பெண்ணுக்குக் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் கிடைத்தது. நடு வரிகளில் ஒன்று. மேல்நோக்கிக் காத்திருக்கலாமா என்று அவள் மாமா தொலைபேசியில் வற்புறுத்திக்கொண்டிருந்தார். அவள் அப்பா நோட்டை எடுத்துப் பார்த்தார். பட்டியல் எழுதிய அன்றே, 'இதற்குக் கீழே வந்தால் மேல்நோக்கிக் காத்திருக்கலாம், இதற்கு மேலே எது வந்தாலும் அப்படியே சேர்ந்துவிடலாம்' என்று அவர்கள் பேசிவைத்து ஒரு கோடு போட்டிருந்தார்கள். கிடைத்த வரி கோட்டுக்கு மேலே இருந்தது. அன்று மாலையே ஏற்றுக்கொண்டு சேர்வதாக உறுதி செய்துவிட்டார்கள். அந்தக் கோட்டை இந்த ஆண்டு பட்டியல் எழுதும் ஒவ்வொரு வீட்டிலும், ஒதுக்கீடு வருவதற்கு முன்பே, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போட்டு வையுங்கள். அந்த இரண்டு நாளில் வீட்டுத் தொலைபேசி ஓயாது. புதிதாக எதையும் யோசிக்க நேரம் இருக்காது.